ஆள் வருது!

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, ஒரு ஹேர் கிளிப் என்னைத் தடுத்து நிறுத்தியது.

நிஜமாகத்தான். ஒரே ஒரு ஹேர் கிளிப். அதிலும் ஒரு பல் உடைந்தது. டைல்ஸ் தரையில் தனியாகக் கிடந்தது. பாவம், யாரோ தவற விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று குனிந்தேன். நான் குனிவது என்றால் சும்மா இல்லை... அதற்கு முன்னேற்பாடு வேண்டும், மூச்சு வேண்டும், பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்ற உறுதி வேண்டும். இத்தனையும் சேர்த்துக்கொண்டு பாதி தூரம் இறங்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேடம், மேடம்! அதை எடுக்காதீங்க. அங்க ஆள் வருது!"

அப்படியே நின்றுவிட்டேன், பாதிக் குனிவில்.

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஆள் யாரும் வரவில்லை. வாசல் காலி. படிக்கட்டில் செருப்புச் சத்தம்கூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்பதாக நாம் நம்ப வேண்டும். கிளிப் இருக்கிறதே, போதாதா?

இது நடந்தது எங்கே என்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மாடியில் ஒரு மினி ஹால். காது குத்து, வளைகாப்பு, ரிட்டயர்மென்ட் பார்ட்டி எதுவும் இல்லாத நாட்களில் காலை ஆறு மணிக்கு அங்கே பெண்களுக்கான ஏரோபிக்ஸ் வகுப்பு. 'நாற்பது பிளஸ்' என்று வாசலில் போர்டு. குதிப்பது கிடையாது. கையைத் தூக்கி, காலை மாற்றி வைத்து, இடுப்பு என்று ஒன்று முன்பு எங்கே இருந்தது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளும் வகுப்பு. என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "எழுதுனது போதும்மா, கொஞ்சம் ஆடுங்க" என்று சொல்லிவிட்டார். சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த அன்றே ஒரு விஷயம் புரிந்தது. இங்கே உடற்பயிற்சி எல்லாம் அப்புறம். முதலில் இடம்!

ஹாலில் நல்ல இடம் என்றால் முன்வரிசைதான். அங்கேதான் ஃபேன் ஒழுங்காகச் சுற்றும். டீச்சர் ஷர்மிளா போட்டுக் காட்டும் ஸ்டெப் கண்ணுக்குத் தெரியும். பின்வரிசையில் நின்றால் முன்வரிசையின் முதுகுதான் தெரியும். அந்த முதுகுகளில் பாதி லெஃப்டில் போகும், பாதி ரைட்டில் போகும். யாரைப் பின்பற்றுவது? தேர்தல் நேரத்துக் குழப்பம்தான்.

அந்த முன்வரிசை முழுக்க ராஜேஸ்வரி அக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. அக்காவுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். நிலபுலம் உள்ள குடும்பம். நிலம் ஊரில் இருக்கிறது, அக்கா டவுனில் இருக்கிறார். மண்டபம் அவருடைய அண்ணனுடையது. எனவே எங்களைப் பார்த்து "எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்று அதட்டும் ஷர்மிளா டீச்சர், அக்கா பக்கம் திரும்பியதும், "முடிஞ்சா தூக்குங்கக்கா" என்பார்.

அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். இரண்டு மேட், மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு டர்க்கி டவல், ஒற்றை சாக்ஸ், யாருடையது என்றே தெரியாத ஒரு வண்டிச் சாவி. வரிசை முழுக்கப் போட்டுக்கொண்டே போவார். பொருள் தீர்ந்துபோன ஒரு நாள்தான், தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி வைத்தாராம். அதைத்தான் நான் எடுக்கப் போனேன்.

இந்த வித்தை நமக்கு ஒன்றும் புதிதில்லை. முகூர்த்த நாளில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். கும்பகோணம் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். முண்டியடித்து ஏறிய மனிதர் சீட்டில் துண்டைப் பார்த்ததும் மரியாதையாக நகர்ந்துவிடுவார். பாபநாசம் வரைக்கும் துண்டு உட்கார்ந்து வரும், மனிதர் நின்றுகொண்டு வருவார். பிரதோஷத்துக்குப் பெரிய கோயிலுக்குப் போனால் நந்திக்கு நேர் எதிரே ஹேண்ட்பேக்குகள் வரிசையாக உட்கார்ந்து அபிஷேகம் பார்த்துக்கொண்டிருக்கும். கல்யாணப் பந்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு அத்தை, ஐந்து நாற்காலி, ஐந்திலும் கர்ச்சீப். கேட்டால் ஒரே பதில்தான்.

"ஆள் வருது."

என்ன அருமையான வாக்கியம் பாருங்கள்! யார் வருகிறார்கள்? பெயர் கிடையாது. எப்போது? தெரியாது. ஆணா, பெண்ணா? அதுவும் கிடையாது. 'வர்றாங்க' என்று சொன்னால்கூட ஏதோ ஒரு மனிதர் மனதில் வருவார். 'வருது' என்றுவிட்டால் அதற்கு மேல் கேள்வியே இல்லை. "யாரு வராங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டீர்களோ, போச்சு. அன்றிலிருந்து நீங்கள்தான் நாகரிகம் தெரியாதவர்.

நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. சிநேகிதிக்கு இடம் போடுவது தப்பா? கீழே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் படியேறிக்கொண்டிருக்கிறாளா... தாராளமாகப் போடுங்கள். வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு எதற்கு? அவள் போர்வைக்குள் புரண்டு படுக்கும் நேரத்தில் அவளுடைய டவல் இங்கே வந்து முன்வரிசையில் நிற்கிறதே, அது எந்த ஊர் நியாயம்?

இப்படியெல்லாம் மனதுக்குள் பொருமிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு, பின்வரிசையில் என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மலர்க்கொடி வந்தார்.

நாற்பதைத் தாண்டிய பெண். ஒல்லியான உடம்பு, வெயிலில் அலைந்த முகம். இடது முழங்காலில் நீ-கேப் மாட்டியிருந்தார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வந்தார். வந்தவரைப் பார்த்ததும் ராஜேஸ்வரி அக்காவின் முகத்தில் ஒரு பிரியம் வந்தது. புதிதாக யார் வந்தாலும் வரும் பிரியம்தான் அது, விசாரித்து முடிக்கும் வரைக்கும் இருக்கும்.

"வாம்மா, வா. எந்த ஊரு?"

"கீழ்வேளூர் பக்கங்க."

"அட! கீழ்வேளூரேவா?"

"இல்லைங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு கிராமம்."

"கிராமத்துல எந்தத் தெரு?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி தண்ணீர் குடிப்பதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஹாலில் அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடித்தோம்.

மலர்க்கொடி சிரித்தார். "இப்ப மெடிக்கல் காலேஜ் ரோட்டுல மூணாவது தெருவுங்க. மாடி போர்ஷன். வாங்க ஒரு நாளு."

அக்காவின் பிரியம் அத்தோடு முடிந்தது. பதில் கிடைக்கவில்லை என்பதே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது.

மலர்க்கொடிக்கு வேண்டியது ஓர் இடம். ஃபேனுக்கு அடியில் இல்லை, டீச்சருக்கு எதிரிலும் இல்லை. முன்வரிசையில் இடது ஓரம், ஜன்னல் கம்பிக்குப் பக்கம். அந்த இடம்தான் ஏன்? அவர் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். கிராமங்களில் 'அக்ரி மேடம்' என்பார்களே, அது. மாசி மாதம் வாய்க்கால் ஓரமாக ஸ்கூட்டியில் போனபோது சறுக்கி விழுந்து, முழங்காலில் லிகமென்ட் கிழிந்து, ஆபரேஷன் ஆகிவிட்டது. பிஸியோதெரபிஸ்ட், "கும்பலோட சேர்ந்து செய்யுங்க. ஆனா இடது கைக்கு எட்டுற மாதிரி ஒரு பிடிமானம் எப்பவும் இருக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

"வீட்டுலயே செய்யலாம்ல?" என்று கேட்டேன்.

"வீட்டுல ரெண்டு கையைத் தூக்குனா மூணாவது விசில் வந்துடுதுங்க. குக்கரை எறக்கப் போயிடுறேன்."

ஹாலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அந்த ஜன்னல்தான். மற்ற ஜன்னல்களுக்கு முன்னால் அண்டாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் மலையாகக் குவிந்திருக்கும். அந்த ஜன்னலுக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? ஊதா நிறத்தில் ஒரு மேட். தினமும் விரிக்கப்பட்டு, தினமும் சுருட்டப்படும் மேட். அதன்மேல் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மனுஷி நின்று பார்த்ததில்லை.

மலர்க்கொடி பக்கத்தில் போய், "இங்க நிக்கலாங்களா?" என்று கேட்டார்.

"ஆள் வருதும்மா."

மறுநாளும் கேட்டார். ஆள் வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரமும் வந்துகொண்டே இருந்தது. மலர்க்கொடி கடைசி வரிசைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு செய்தார். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி எவ்வளவு நேரம் நிற்கும்? நாற்காலி ஒரு பக்கம் நகரும், இவர் அதன் பின்னாலேயே நகர்வார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து அவரோடு படியிறங்கினேன். நான் அவருக்காக மெதுவாக இறங்குகிற மாதிரி காட்டிக்கொண்டேன். உண்மையில் அவர்தான் எனக்காக மெதுவாக இறங்கினார்.

"வேற கிளாஸ் பாக்கலாமே, மலர்?" என்றேன்.

"எனக்கு நேரம் இல்லக்கா. இப்ப என்னை ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க. புரட்டாசில சம்பா நடவு ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள நான் ஃபீல்டுக்கு இறங்கலைன்னா என் பிர்க்கா கிராமங்களுக்கு வேற ஆளைப் போட்டுட்டு, எனக்கு டேபிள் வேலை குடுத்துடுவாங்க. நிரந்தரமா."

"டேபிள் வேலை நல்லதுதானே? ஃபேன் காத்து..."

நின்றுவிட்டார். "ஐயோ, என்னக்கா நீங்க! வரப்புல நடக்காம நான் என்ன அக்ரி ஆபீசரு? நான் படிச்சதே அதுக்குத்தான். மேசைக்குப் பின்னாடி உக்காந்தா செத்துப் போயிருவேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. 

இரண்டு படி இறங்கியதும் அவரே சிரித்துவிட்டார். "எங்க அம்மா நடவு ஆளுக்கா. நிலத்துக்காரங்க ராத்திரி எங்க தெருவுல வந்து நின்னு, 'நாளைக்கு எத்தனை ஆள் வருது?'ன்னு கேப்பாங்க. அம்மாவுக்கு அழகா ஒரு பேரு உண்டு. ஆனா அங்க அவங்க ஆளுதான். இங்க வந்து பாத்தா, இன்னும் வந்து சேராத ஆளுக்கு மேட் விரிச்சு வச்சிருக்காங்க. கேக்கவே சிரிப்பா வருது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாளே ராஜேஸ்வரி அக்காவிடம் போய், "அந்த ஊதா மேட் யாருக்குக்கா?" என்று நேராகக் கேட்டேன்.

"நம்ம விசாலிக்குத்தான்."

"எப்ப வருவாங்க?"

"பொங்கலுக்கு வந்துருவா."

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். நடப்பது ஆடி மாதம்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"டல்லாஸ்ல. பொண்ணுக்குப் பிரசவம்" என்றார் அக்கா, ஏதோ விசாலி பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கப் போயிருப்பது போல.

பஸ்ஸில் துண்டு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் கர்ச்சீப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டிப் போனவருக்குத் தஞ்சாவூர் மண்டபத்து மாடியில் ஆறு மாதம் மேட் போட்டுக் காத்திருக்கும் தோழியை இப்போதுதான் பார்க்கிறேன். காதலர்கள்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள்!

ஷர்மிளா டீச்சரிடம் போனேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஹாலும் வேண்டும், வகுப்பும் நடக்க வேண்டும். யோசித்து யோசித்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார். 'அன்பான தோழிகளே, இனி யாரும் யாருக்கும் இடம் பிடிக்க வேண்டாம். முதலில் வருபவர்களுக்கே முதல் இடம். நன்றி.' அந்த மெசேஜுக்கு முதல் ஆளாகக் கட்டை விரலை உயர்த்தியவர் யார்? ராஜேஸ்வரி அக்கா. கூடவே, 'சரியான முடிவு டீச்சர்' என்று இரண்டு கும்பிடு. மறுநாள் காலை போனால் ஊதா மேட் அதே இடத்தில். மேலே கூடுதலாக ஒரு தண்ணீர் பாட்டில்!

நம் ஊரில் விதி என்பது மற்றவர்களுக்காகப் போடப்படுவது. அதை நாம் எல்லோரும் மனதார வரவேற்கிறோம்.

ஆவணி பிறந்த வாரத்தில் அது நடந்தது. பாட்டு கொஞ்சம் வேகமான பாட்டு. "சைடு... சைடு... டர்ன்!" என்றார் டீச்சர். முன்வரிசை திரும்பியது. நாங்கள் யோசித்துவிட்டுத் திரும்பினோம். கடைசி வரிசையில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். நாற்காலி ஒரு பக்கம் போக, மலர்க்கொடி இன்னொரு பக்கம் விழுந்தார், அந்த இடது கால் மடங்கியபடி.

ஓடினோம். வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் கண்ணெதிரே வீங்கியது. "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க" என்று எங்களுக்கு அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோ வரவழைத்து ஏற்றினோம். திரும்பி மேலே வந்தபோது ராஜேஸ்வரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்: "முடியாதவங்க எதுக்கு வரணும்? நாற்பது பிளஸ்ஸுன்னு போட்டா எல்லாரும் வந்துடறதா?"

அவருக்குப் பின்னால் ஜன்னல் கம்பி கெட்டியாக, சும்மா இருந்தது. அதற்குக் கீழே டல்லாஸ் மேட், ஒரு சுருக்கம் இல்லாமல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேட்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். கீழே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், தப்பித்தது.

ஒரு வாரம் மலர்க்கொடி வரவில்லை. போன் செய்தேன். லிகமென்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீக்கம்தான், வடிந்துவிட்டது என்றார். ஆனால் குரலில் உயிர் இல்லை.

"விட்டுரலாம்னு பாக்குறேன்க்கா. ஆபீஸ்லயும் கேட்டுட்டாங்க, டேபிளே பரவாயில்லையான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திங்கக்கிழமை சொல்றேன்னேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க பாருங்க மலர். அந்த மேட்டுக்குச் சொந்தக்காரி அமெரிக்காவுல இருக்கா. பொங்கலுக்குத்தான் வருவா. அது தெரியுமா உங்களுக்கு?"

 "நெசமாவா?" என்றார். நிஜமாகவே யாரோ தினமும் தாமதமாக வருகிறார்கள், தான் கடைசி வரிசைக்குப் போன பிறகு வந்து நிற்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். 'ஆள் வருது' என்று சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஜீவன்!

திங்கட்கிழமை வந்தார். நீ-கேப் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி. கடைசி வரிசைக்குப் போகவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். மேட்டை ஒரு பக்கத்திலிருந்து அழகாகச் சுருட்டினார். ராஜேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்தார்.

அக்கா அதிர்ந்துபோய், "என்னம்மா இது? அங்க ஆள் வருதும்மா!" என்றார்.

"ஆமாங்க. வந்தாச்சு."

சொல்லிவிட்டுப் போய்த் தன் மேட்டை விரித்து, ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது விசாலி எடம்!"

"அவங்க பொங்கலுக்கு வரட்டுங்க. வந்த அன்னைக்கே விட்டுத் தந்துடறேன். அது வரைக்கும் எனக்கு என் காலு வேணும்ங்க."  சொல்லும்போதும் கம்பியை விடவில்லை.

இந்த முறை யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஷர்மிளா டீச்சர் சட்டென்று பாட்டைப் போட்டார், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாக. அவரால் முடிந்த வீரம் அது. குறை சொல்லமாட்டேன்.

அக்கா சும்மா விடுவாரா? பாதி வகுப்பிலேயே போனை எடுத்து டல்லாஸுக்கு வீடியோ கால் போட்டார். இங்கே காலை, அங்கே ராத்திரி. விசாலி இடுப்பில் பேரக் குழந்தையோடு திரையில் வந்தார்.

"பாருடி விசாலி, உன் எடத்தைப் பாரு!" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினார் அக்கா.

"எந்த எடம்?"

"உன் எடம்தான்டி! ஜன்னலோரம்!"

"ஐய, அதா?" என்றார் விசாலி. ஸ்பீக்கர் போட்டிருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. "கீழ சமையக்கட்டுலேருந்து காலங்காத்தால வெங்காயம் வதக்குற வாசனை நேரா மூக்குல ஏறும்டி அங்க. நீ புடிச்சு நிறுத்துன, சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு நின்னேன். அந்தப் பொண்ணே நிக்கட்டும். நான் வந்தா ஃபேனுக்கு அடியில நின்னுக்கறேன்."

ஃபேனுக்கு அடியில் நிற்பது ராஜேஸ்வரி அக்கா.

போன் உடனே கட் ஆனது. சிக்னல் இல்லையாம்!

அன்று வீடு திரும்பும்போது ஒன்று தோன்றியது. இடம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் 'அவளுக்காக' என்றுதான் சொல்கிறார்கள். அவளைக் கேட்டால் அவளுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. அப்புறம் யாருக்காக இத்தனை பாடு? நம் ஆள் வரவேண்டும் என்பதற்காக இல்லை. இன்னார் வந்து நின்றுவிடக் கூடாதே, அதற்காக. மேட் ஒரு சாக்கு. சில பேர் மேட் போடுவார்கள், சில பேர் 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே கட்டைப்பையிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. மலர்க்கொடி வேளாண்மைத் துறை என்று எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அவர்கள் நிலம் இருக்கும் பிர்க்காவுக்கே இவர்தான் ஆபீசர் என்று! அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் அக்கா ஜன்னலோரம் போய், "மேடம், எங்க நாத்தங்கால்ல ஒரு ஓரமா மஞ்சளடிக்குது... ஒரு எட்டு வந்து பாத்தீங்கன்னா..." என்று இழுத்தார். 'வாம்மா போம்மா' எல்லாம் ஒரே ராத்திரியில் 'மேடம்' ஆகிவிட்டது. மலர்க்கொடி, "எல்லா வயலுக்கும் வருவேங்க, உங்களுதுக்கும் வருவேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானாக இருந்தால் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

புரட்டாசியில் அவர் ஃபீல்டுக்கு இறங்கிவிட்டார். டேபிளுக்கு வேறு யாரையோ பார்த்துக்கொண்டார்கள். போன வாரம், "சர்க்கரைக்கு நடக்கணும்னீங்களே, என்கூட வாங்கக்கா" என்று கூப்பிட்டார். போனேன், புது வாக்கிங் ஷூவை மாட்டிக்கொண்டு.

திருவையாறு தாண்டி ஒரு கிராமம். இரண்டு பக்கமும் நடவு வயல், கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் வரப்பு. முன்னால் மலர்க்கொடி, நீ-கேப்கூட இல்லாமல், பிடிக்க ஒரு கம்பியும் இல்லாமல், விறுவிறுவென்று. பின்னால் நான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சகல தெய்வங்களையும் கூப்பிட்டபடி.

எதிரே ஒருவர் வந்தார். தலையில் நாற்றுக்கட்டு. அதிலிருந்து தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. வரப்பில் ஒருவருக்குத்தான் இடம். யார் விலகுவது? நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் மலர்க்கொடி இறங்கிவிட்டார். அந்த இடது காலைத்தான் முதலில் வைத்தார். சேறு முழங்கால் வரைக்கும் உள்வாங்கியது.  அவர் அசையவில்லை, அப்படியே ஊன்றி நின்றார்.

"அக்கா, எறங்குங்க" என்றார்.

"நானுமா?"

"வரப்புல சுமையோட வர்றவங்களுக்குத்தான்க்கா வழி. கையில ஒண்ணுமில்லாதவங்க எறங்கிடணும். ஆபீசரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி."

இறங்கினேன். ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. நாற்றுக்கட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை, தன் வழியில் போனார். மலர்க்கொடி ஒரே எட்டில் மேலே ஏறி எனக்குக் கை கொடுத்தார். அந்தக் காலைப் பார்த்தேன். சேற்றுக்குள் போய், நின்று, திரும்பி ஏறிய கால். என்னை அறியாமல் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எவ்வளவு நல்ல விதி! இதை எங்கள் வகுப்பிலும் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையே அத்தனை பேரும் தலையில் ஒரு மூட்டையோடு வந்து நிற்பார்கள்.